இடது ஓரம்

கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரஷர் அக்கா என்று பெயர். ரத்த அழுத்தம் பார்ப்பவள் என்று நினைத்துக்கொண்டு சிலர் உட்கார்ந்ததுமே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டுவார்கள். "கையை நீங்களே வச்சுக்கோங்க, கண்ணை மட்டும் குடுங்க" என்பேன். கண்ணுக்குள்ளும் ஓர் அழுத்தம் உண்டு என்பது பாதிப் பேருக்கு என் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். விழிக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். வடிகிற வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வலியோ சிவப்போ இருக்காது. ஓரத்துப் பார்வைதான் முதலில் போகும். நடுவில் எல்லாம் பளிச்சென்று தெரிவதால் போனதே தெரியாது, போனது திரும்பியும் வராது. இதைத்தான் கிளாக்கோமா என்று ஆஸ்பத்திரி முழுக்க எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

என் வேலை சின்ன வேலைதான். தாடையை வைக்கச் சொல்வேன், நெற்றியை ஒட்டச் சொல்வேன். இயந்திரம் தானே கண்ணைத் தேடிப் பிடித்துப் பொஃப் என்று காற்றை ஊதும். விழி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். இருபத்தொன்றுக்குள் இருந்தால் சாதாரணம். மலை மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆட்கள்கூட அந்தக் காற்றுக்கு நாற்காலியோடு துள்ளுவார்கள்.

தினமும் காலையில் இயந்திரத்தைப் போட்டதும் முதல் காற்றை நான்தான் வாங்கிக்கொள்வேன். இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனிக்காரர்கள் ஒரு ரப்பர் கண் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டிக் கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? கல் மாதிரி என் கண் இருக்கும்போது ரப்பர் கண் எதற்கு? எனக்கு எப்போதும் பதினாறு. வருடக்கணக்காகப் பதினாறு. பதினாறு வந்தால் இயந்திரம் சரி என்று நினைத்துக் கதவைத் திறப்பேன்.

ஒரு நாள் பதினெட்டு வந்தது. வெயில் அதிகம், இயந்திரம் சூடாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் இருபது வந்தது. இருபத்திரண்டு வந்த அன்று இயந்திரம் ரிப்பேர் பார்ப்பவருக்குப் போன் செய்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, ரப்பர் கண்ணை மாட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் இருபத்து நான்கு. மறுபடி கூப்பிட்டேன்.

"அக்கா, மெஷின்ல ஒண்ணுமே இல்லக்கா" என்றார்.

"ஒண்ணும் இல்லாமத்தான் எட்டு ஏத்திக் காட்டுதா?"

"எதை வச்சு எட்டுன்னு சொல்றீங்க?"

"என் கண்ணை வச்சுத்தான்."

மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானே தாடையை வைத்து உட்கார்ந்தார். அவருக்குப் பதினான்கு வந்தது. "பாத்தீங்களா?" என்றார். "உங்களுக்கு நிஜமா ஆறாத்தான் இருக்கும், அதைத்தான் பதினாலுன்னு காட்டுது" என்றேன். ஆறு இருந்தால் கண் சுருங்கிப்போய்விடும் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வருகிறவர்களின் எண்ணிலிருந்தெல்லாம் மனதுக்குள் எட்டைக் கழித்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. நல்லவேளை, கழிக்கவில்லை.

எங்கள் சத்தத்தைக் கேட்டு டாக்டரம்மா வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், சிரித்த முகம். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, கொஞ்சம் என் ரூமுக்கு வாங்க" என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. இயந்திரம் சரியாக இருந்தது. தப்பாக இருந்தது நான். இடது கண்ணின் நரம்பில் ஏற்கெனவே ஒரு மூலை போயிருந்தது. ஊரார் கண்ணை எல்லாம் அளந்துகொண்டிருந்தவள் தன் கண்ணை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டிருந்தேன். அளவுகோலை யார் அளப்பார்கள்?

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இது ஏதோ ஒரே ஒரு ஜீன் பண்ணுற வேலை இல்லக்கா. நூத்துக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் அழுத்தத்தை மயிரிழை அளவுக்கு ஏத்தும், இல்ல இறக்கும். அம்மாகிட்டருந்து பாதி, அப்பாகிட்டருந்து பாதி. சீட்டைக் கலைச்சுப் போடுற மாதிரிதான். ஒரே வீட்டுல ஒருத்தருக்கு ஏத்துறதாவே வந்து விழும், இன்னொருத்தருக்குக் கலந்து விழும். உங்களுக்குக் கை சரியில்ல."

"சீட்டாட்டத்துலயும் எனக்குக் கை சரியா வந்ததில்ல" என்றேன்.

"வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லப் போனேன். அதற்குள் அப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அப்பா தலையைத் திருப்பாமல் பக்கத்தில் இருக்கும் எதையும் பார்க்க மாட்டார். கையருகே வைத்த தண்ணீர் டம்ளரைத் தினமும் தட்டிவிடுவார். தினமும் அம்மா கத்துவாள். தெருவில் யாராவது பக்கவாட்டிலிருந்து வணக்கம் வைத்தால் கண்டுகொள்ளாமல் போய்விடுவார். தலைக்கனம் பிடித்த மனிதன் என்று தெரு முழுக்கப் பேர். அந்தப் பேரோடுதான் போய்ச் சேர்ந்தார். கடைசி வருடங்களில் எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வந்ததில்லை.

"போனவங்களுக்கு டெஸ்ட் பண்ண முடியாது" என்றார் டாக்டர். "ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா இருந்திருக்கலாம்." பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களைக் கட்டாயம் வரச் சொல்லணும். மத்தவங்களைவிடக் கூடப் பிறந்தவங்களுக்குப் பல மடங்கு சான்ஸ் ஜாஸ்தி."

"ஒரு அண்ணன். பஸ் ஓட்டுறான்" என்றேன். பஸ் என்றதும் டாக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

அண்ணனோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. அம்மா இறந்த வீட்டில், அவளை யார் எத்தனை நாள் கூடக் கிடந்து பார்த்தோம் என்று ஒரு வாக்குவாதம். அண்ணன் தங்கை இருக்கும் வீட்டில் நடக்காத விஷயமில்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். அவன் பஸ் வந்தது. பாதி காலியாக வந்தது. கண்ணாடி வழியாக அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கையைத் தூக்கினேன். தூக்கிய கைக்கு முன்னால் பஸ் நிற்காமல் போய்விட்டது. அவன் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போனான். நான் நின்றது அவனுக்கு இடது ஓரம்.

அன்றைக்கே அண்ணிக்குப் போன் செய்து, "பஸ்ஸை நிறுத்தக்கூட முடியாதா உங்க வீட்டுக்காரரால?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். அதோடு சரி. பிறகு நான் அந்த ஸ்டாப்புக்கே போவதில்லை. சுற்றுவழியாக இன்னொரு பஸ் பிடித்துப் போகிறேன். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், நான் இல்லாதபோதும் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று அணைக்காமல் விட்டுவிட்டுப் போகும் ஒரு ரேடியோ. கதவைத் திறக்கும்போது உள்ளே குரல் கேட்டால் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது, எனக்குக் கிளாக்கோமா என்பதைவிட வேறொன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கும் இது இருந்தால்? இருந்தால், அன்றைக்கு அவன் என்னைப் பார்த்திருக்கவே மாட்டான். இடது ஓரம் இருட்டாக இருந்திருக்கும். நான் தூக்கிய கை அவன் கண்ணுக்கு வந்தே இருக்காது. அப்பாவை ஊர் தப்பாக நினைத்த மாதிரி நான் அவனைத் தப்பாக நினைத்திருப்பேன். இல்லையென்றால், பார்த்துவிட்டுத்தான் போனான்.

சொல்லவே கூசுகிறது. ஒரு பஸ் நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிறவன், என் கூடப் பிறந்தவன், அவனுக்கு இந்த நோய் இருக்கட்டும் என்று என் மனது வேண்டிக்கொண்டது. சீ என்று அதட்டினேன். அடங்குகிற மாதிரி அடங்கிவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்ததும் மறுபடி வேண்டிக்கொண்டது.

அண்ணிக்குப் போன் செய்தேன். பரம்பரையாக வரக்கூடியது, கட்டாயம் பார்க்க வேண்டும், ஓட்டுகிற வேலை வேறு, என்று ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னேன். "சொல்றேன்" என்றாள் அண்ணி. பிறகு, "உனக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அதற்கு ஆஸ்பத்திரிக் குரலில் பதில் வரவில்லை. சும்மா "ம்" என்றேன்.

எனக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள், சாகும்வரை விடாமல் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குச் சொட்டுப் போட்ட கைதான். தன் கண்ணுக்குப் போடும்போது மட்டும் குறி தவறிவிடும். கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் இமையை இழுத்துப் பிடித்து, மறுகையால் குப்பியை அமுக்கினால் சொட்டு புருவத்தில் விழும். இல்லாவிட்டால் காதோரம் வழியும். வேறு ஒரு ஆள் இருந்தால் ஒரு நிமிட வேலை. வீட்டில் இன்னொரு கை இல்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் உறைக்கிற மாதிரி வேறு எப்போதும் எனக்கு உறைத்ததில்லை.

அண்ணன் வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் காக்கிச் சட்டை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் வலித்தது. இனி வர மாட்டான் என்று முடிவுகட்டி எதிர்பார்ப்பதை விட்டபோது ஒரு நாள் வந்தான். எல்லோரையும் போல டோக்கன் வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போல வரிசை நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்ச்சுவரில் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய படம் மாட்டியிருந்தது. ஒரு தெரு, நடுவில் மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் கருப்பு. கிளாக்கோமா உள்ளவர்கள் உலகத்தை இப்படித்தான் பார்ப்பார்கள் என்று அடியில் எழுதியிருக்கும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. அவன் நம்பர் வரும்வரை நான் மற்றவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்தவங்க வாங்க" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். "தாடையை இதுல வை. நெத்தியை ஒட்டு" என்றேன். வைத்தான். அவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்தது எப்போதோ. காற்று ஊதியதும் சின்ன வயதில் ஊசிக்குத் துள்ளிய மாதிரியே துள்ளினான்.

"சொல்லிட்டு ஊதக் கூடாதா?"

"சொன்னா கண்ணை மூடிடுவாங்க."

இரண்டு கண்ணிலும் பதினான்கு. எனக்குள் ஒரு பக்கம் இறங்கியது, ஒரு பக்கம் ஏறியது. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். கருவிழி மெல்லியதாக இருந்தால் எண் குறைத்துக் காட்டும், அதுவும் பரம்பரையாக வருவதுதான். இந்த ஞானமெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எதற்காக ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும்.

"இது மட்டும் போதாது. ஓரப் பார்வையும் பாக்கணும், வா" என்று இருட்டறைக்கு அழைத்துப் போனேன்.

அந்த அறையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்த மாதிரி ஒரு இயந்திரம் இருக்கிறது. அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வந்து மறையும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் அவன் வலது கண்ணுக்கு மறைப்பு ஒட்டிக்கொண்டிருந்தபோது அவன் மெல்லச் சொன்னான்.

"வெளியில படம் போட்டிருக்கே, ஓரமெல்லாம் இருட்டா."

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்போல. கொஞ்ச நாளாவே ஓரத்துல ஒண்ணும் சரியாத் தெரியறதில்ல." தொண்டையைச் செருமினான். "அன்னைக்கு ஸ்டாப்புல நீ நின்னுட்டிருந்தியாமே. உங்க அண்ணி சொன்னா. நான் உன்னைக் கவனிக்கவே இல்ல, தெரியுமா."

மறைப்பின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே நின்றேன். அது ஏற்கெனவே நன்றாக ஒட்டியிருந்தது. "இருக்கும்" என்றேன். "நடுவுல இருக்கற புள்ளியை மட்டும் பாரு. வெளிச்சம் தெரிஞ்சா அழுத்து. தெரியலேன்னா அழுத்தாத" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து பரிசோதனையைத் தொடங்கினேன்.

எந்த இடத்தில் வெளிச்சம் வருகிறது என்று என் திரையில் தெரியும். மேலே ஒன்று. க்ளிக் என்று பொத்தான் சத்தம் கேட்டது. வலது பக்கம் ஒன்று. க்ளிக். கீழே மங்கலாக ஒன்று. க்ளிக். இடது ஓரத்தில், கொஞ்சம் கீழே தள்ளி ஒன்று வந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்கண்ணாடியில் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பெண் தெரிவாளே, கிட்டத்தட்ட அந்த இடம். நான் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தேன்.

க்ளிக்.

தற்செயலாக இருக்கலாம். அதே பக்கம் இன்னும் மங்கலாக இன்னொன்று வந்தது. க்ளிக். இன்னும் வெளியே, ஓரத்தின் ஓரத்தில் ஒன்று. அதற்கும் க்ளிக். அந்த இயந்திரத்துக்கு ஒரு குறும்பு உண்டு. நடுநடுவே வெளிச்சமே காட்டாமல் சத்தம் மட்டும் கொடுத்துப் பார்க்கும், ஆள் பொய்யாக அழுத்துகிறாரா என்று. அண்ணன் ஒரு முறைகூட ஏமாறவில்லை. வெளிச்சம் இல்லாதபோது சும்மா இருந்தான். இருந்தபோதெல்லாம் அழுத்தினான். வலது கண்ணுக்கும் அதே கதைதான். அந்த இருட்டில் நான் உட்கார்ந்து, அவன் கண் நன்றாக இருக்கிறது, அவன் கண் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டும் இருந்தது.

அப்பாவின் கண் எனக்கு விழுந்திருக்கிறது. அப்பாவிடம் இல்லாத தலைக்கனம் இவனுக்கு எங்கிருந்து விழுந்ததோ.

கோபம் வந்தது. ஆனால் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவன் இருட்டில் சொன்ன அந்தப் பொய்யை நினைத்துப் பார்த்தேன். வெளியே இத்தனை நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறான். ஓட்டுகிற வேலைக்காரன், தனக்கே ஒரு நோயைச் சொல்லிக்கொண்டாவது என்னிடம் வந்து சேர ஒரு வழி தேடியிருக்கிறான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வராது. சின்ன வயதிலும் வராது. என் பென்சிலை உடைத்தால் தன் பென்சிலை என் டப்பாவில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி போய்விடுவான்.

டாக்டர் நரம்பைப் பார்த்தார், கருவிழியின் தடிமனைப் பார்த்தார், நான் எடுத்த தாளைப் பார்த்தார். "எல்லாம் சுத்தமா இருக்கு. ஓரப் பார்வை கொஞ்சம்கூடக் குறையல. நீங்க தாராளமா பஸ் ஓட்டலாம்" என்றார். "தங்கச்சிக்கு இருக்கறதால உங்களுக்கும் பின்னால வர வாய்ப்பு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கோங்க, போதும்."

அண்ணன் தலையை ஆட்டினான். என் பக்கம் திரும்பவில்லை. தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். நல்ல செய்தி கேட்டவன் முகம் மாதிரியே இல்லை.

நடையில் என்னோடு மெதுவாக நடந்து வந்தான். என் நாற்காலி வரை வந்துவிட்டு நின்றான்.

"உனக்கு யாரு சொட்டு போடுறா?" என்று கேட்டான்.

"நானேதான்."

"சரியா விழுதா?"

"பாதி விழும். மீதி புருவத்துக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்து வராமல் போனது. "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான். "டாக்டரம்மா சொன்னாங்களே, ஓரப் பார்வை... அப்ப அன்னைக்கு நான்..."

"ஆறு மாசம் கழிச்சு வரணும்" என்றேன்.

"வருஷத்துக்கு ஒரு தடவைன்னாங்களே" என்றான்.

"அவங்க எல்லாருக்கும் பொதுவா சொல்லுவாங்க. பிரஷர் பாக்கறது நான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாகணும்."

இத்தனை வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அவன் என்னை நேராகப் பார்த்தான். கையில் இருந்த சீட்டைப் பார்த்தான். அதில் டாக்டர் கையெழுத்தில் ஒரு வருடம் என்று பெரிதாகவே எழுதியிருந்தது. அவன் கண்ணுக்கு அது தெரியாமல் போக வழியே இல்லை.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சரி. ஆறு மாசம்" என்றான்.

வாசலை நோக்கி நடந்தான். இடது பக்கத்திலிருந்து யாரோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையைத் திருப்பாமலேயே ஓர் அடி விலகி வழி விட்டுவிட்டு அவன் வெளியே போனான். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.